மாத்தோணுமா, மாட்டோணுமா

ரஹீம் பாய் ஆயில் கூலரைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பழைய செய்தித்தாளை விரித்து, அதன் ஓரமாகக் குந்தியிருந்தார். கூலர் பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். அலுமினியம். வரிவரியாக மெல்லிய தகடுகள். ஒரு வாயில் ஊற்றிய மண்ணெண்ணெய் மறுவாய் வழியே ஒழுகியது. முதலில் கறுப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் நிறமே இல்லாமல்.

நிறமில்லாமல் ஒழுகத் தொடங்கிய பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அருகில் நான் எழுதிக்கொடுத்த தாள், ஸ்பேனர் ஒன்றின் அடியில் படபடத்துக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று.

"அம்மணி, இதுல 'அமர்த்தவும்'னு எழுதியிருக்கறீங்களே, அதென்னுங்க? மாத்தோணுமுங்களா, மாட்டோணுமுங்களா?"

மாற்றுவது என்றால் பழையதை எறிந்துவிட்டுப் புதியது போடுவது. மாட்டுவது என்றால் இருப்பதையே திரும்பப் பொருத்துவது. பட்டறைப் பேச்சில் இவ்விரண்டுக்கும் இடையே ஓரொலிதான் வேறுபாடு.

"மாட்ட வேண்டும்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்லீங்க."

"பார்த்துத்தான் எழுதினேன்."

அவர் தலையை ஆட்டினார். கூலரைத் துணியால் துடைத்து, இரண்டு வாய்களையும் பஞ்சால் அடைத்து, மேசைமேல் வைத்தார். அந்த ஒரு சொல்லால் அவருடைய பெயர் கெட்டது. சொன்னவள் நான். இத்தொடரில் கல்லூரியைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதிய வாரங்களிலெல்லாம் இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அண்ணனின் வண்டி

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. அண்ணன் செந்தில், கோயம்புத்தூரில் பம்பு செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தான். நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை சேர்ந்ததும் விடுதியை விட்டு அவனோடு வந்துவிட்டேன். இராமநாதபுரத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம்.

அண்ணனுக்குக் கம்பெனி ஒரு பொருட்டே இல்லை. கார் ஓட்ட வேண்டும், அதுவும் பந்தயத்தில். கோயம்புத்தூரில் அப்போது அப்படிப்பட்ட இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு வண்டி வைத்திருந்தார்கள். அண்ணனிடம் இருந்தது அப்பா ஓட்டித் தேய்ந்த வெள்ளைக் கார் ஒன்றுதான்.

அதற்கு அவன் டர்போ வைத்தான். சென்னையில் விபத்தில் நொறுங்கிய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய டர்போ, அதனோடு வந்த ஆயில் கூலர், நான்கு பக்க ஆங்கிலக் குறிப்பு ஆகிய மூன்றும் ஒரு கோணிப்பையில் வந்து சேர்ந்தன. அவன் அந்தப் பையைச் சமையலறையில் பிரித்தபோது, அரிசி டப்பாமேல் எண்ணெய்க்கறை படிந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

இதையெல்லாம் பொருத்தித் தரக்கூடியவர் ஊரில் ஒருவர்தான் என்றார்கள். உக்கடத்தில், மீன் சந்தையின் வாடை வந்துபோகும் ஒரு சந்தில், ரஹீம் பாய் பட்டறை வைத்திருந்தார். கடைசல் வேலையில் தொடங்கி எஞ்சின் வேலைக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை பனியன், கட்டம் போட்ட கைலி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"டர்போ வெக்கறது பெரிசில்லீங்க தம்பி" என்றார் அண்ணனிடம். "அதை உசுரோட வெச்சிருக்கோணும். அதுதாங்க பெரிசு."

"நீங்க இருக்கறீங்க, எனக்கென்னங்க பயம்?"

"நான் பட்டறைல இருப்பனுங்க. வண்டியில நீங்கதான இருப்பீங்க."

இரண்டு குழாய்கள்

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாய் சொன்னதிலிருந்து விளங்கிக்கொண்டது இவ்வளவே. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தைக் கொண்டு டர்போவுக்குள் ஒரு சக்கரம் சுழல்கிறது. அது கூடுதலான காற்றை எஞ்சினுக்குள் அமுக்குகிறது. வண்டிக்கு வலிமை கூடுகிறது. ஆனால் அந்தப் புகை நெருப்புக்குச் சமானம். சக்கரத்தின் அச்சைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எஞ்சினுக்குள் ஓடும் அதே எண்ணெய் அந்த நெருப்பையும் தொட்டுத் திரும்புகிறது.

"எண்ணெய் சூடேறுனா தண்ணியாட்ட ஆயிருமுங்க அம்மணி. தண்ணியாச்சுன்னா பிடிப்பு இருக்காது. இரும்பும் இரும்பும் தொட்டுக்கும். தொட்டுதுன்னா முடிஞ்சுதுங்க."

அதற்காகத்தான் கூலர். வண்டியின் முகப்பில், காற்று வந்து அறையும் இடத்தில் அது நிற்கும். சூடான எண்ணெய் ஒரு குழாய் வழியே உள்ளே போய், மெல்லிய தகடுகளுக்கிடையே ஊர்ந்து, சூடு தணிந்து, மறு குழாய் வழியே திரும்பும்.

முதன்முறை வண்டியை ஓட்டிவிட்டு வந்த பிற்பகலில், பாய் என்னைக் கூப்பிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் விரலை வைத்ததும் இழுத்துக்கொண்டேன். மற்றொன்று, காய்ச்சல்காரரின் நெற்றி அளவுக்குத்தான் சுட்டது.

"பாத்தீங்களா? ரெண்டுக்கும் எடையில இருக்கற வித்தியாசந்தானுங்க அது செய்யற வேலை."

இலக்கண வகுப்பில்கூட எவரும் எனக்கு ஒன்றை இவ்வளவு துல்லியமாக விளக்கியதில்லை.

நான்கு பக்கம்

பாய்க்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், வாக்கியம் தெரியாது. அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியும், பொறுமை கிடையாது. "பாப்பா, நீதான இங்கிலீஷ் எம்.ஏ., தமிழ்ல எழுதிக் குடுத்துரு" என்று அந்த நான்கு பக்கங்களையும் என் புத்தகங்களின்மேல் போட்டான்.

நான் அதை ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டேன். கூலருக்குக் 'குளிர்விப்பான்' என்று எழுதினேன். குழாய், வடிகால், இணைப்பு என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தேன். பட்டறையில் எல்லாரும் சொல்லும் சொற்களைக் கொச்சை என்று கருதி விலக்கினேன். மூன்று நாள் ஆயிற்று. கையெழுத்து அச்சுப்போல இருந்ததாகப் பாய் சொன்னபோது மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மாசி வாக்கில், ஒரு குழாயின் இணைப்பு தளர்ந்து எண்ணெய் சொட்டியிருக்கிறது. அண்ணன் கவனிக்கவில்லை. பொள்ளாச்சி சாலையில் எண்ணெய் குறைந்த எஞ்சினை விரட்டிக்கொண்டே வந்திருக்கிறான். எஞ்சினுக்குள் அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்து போயிற்று. எஞ்சினைப் பிரித்தபோது, எண்ணெயில் வெள்ளித்துகள் மிதந்தது. பாய் அதைத் தொட்டு இரு விரல்களுக்கிடையே தேய்த்துக் காட்டினார். சரிகை நூலைப் பொடித்ததுபோல் மின்னியது.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. உதிரி கிடைக்கக் காத்திருந்து, தேய்ந்ததைக் கடைந்து, புதிய பேரிங் போட்டு, பாய் எஞ்சினை மறுபடி கட்டினார். கடைசியாகக் கூலர் மிஞ்சியது. அதற்கும் குறிப்பில் ஒரு வரி இருந்தது. பேரிங் பழுதுற்றிருந்தால் எண்ணெயை முற்றும் வடிக்கவும், குழாய்களைக் கழுவவும், கூலரை 'ரீப்ளேஸ்' செய்யவும்.

நான் படித்த நாவல்களில் சீமாட்டிகள் தேநீர்க் கோப்பையைத் தட்டில் 'ரீப்ளேஸ்' செய்வார்கள். கனவான்கள் தொப்பியைத் தலைமேல் 'ரீப்ளேஸ்' செய்வார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது. நூறு பக்கங்களில் நான் சந்தித்த சொல்; ஐயமே எழவில்லை.

'குளிர்விப்பானை மீண்டும் உரிய இடத்தில் அமர்த்தவும்' என்று எழுதினேன்.

அந்தப் பிற்பகலில் பாய் கேட்டதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒன்றைச் சொல்லவில்லை. பஞ்சால் வாய்களை அடைத்தபடியே, எனக்கென்றுகூடச் சொல்லாமல், "உள்ள பூரா சந்துபொந்துங்க. கழுவுனா எல்லாம் வருமான்னுதான் யோசனையா இருக்குது. சரி, கம்பெனிக்காரனே மாட்டச் சொல்றான்னா அவனுக்குத் தெரியாதுங்களா" என்றார்.

நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டாம் முறை கேட்டதே எனக்குச் சற்று மனத்தாங்கலாக இருந்தது.

கோத்தகிரிச் சாலை

சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பந்தயக் கார்கள் வைத்திருப்பவர். ஓட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில், காலையில் பேருந்து நெரிசலுக்கு முன்னால், அண்ணன் ஓட்டுவதைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். இதற்காகத்தான் அண்ணன் மூன்றாண்டுகளாகக் காத்திருந்தான்.

நானும் பாயும் முதல் பேருந்தில் ஏறி, ஒரு வளைவுக்கு மேலிருந்த டீக்கடையில் இறங்கிக்கொண்டோம். சென்னைக்காரர் தம் காரில் வந்து நின்றார். பனி விலகவில்லை. பாக்குத் தோப்புகள் கீழே மங்கலாகத் தெரிந்தன. பாய் இரண்டு கைகளாலும் டீ கிளாஸைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வண்டி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குக் கேட்டது. டர்போவின் ஒலி ஒரு மெல்லிய சீழ்க்கை. ஒவ்வொரு வளைவிலும் அடங்கி, மீண்டும் எழும்.

"கேக்குதுங்களா அம்மணி? சுத்தமா இருக்குது" என்றார் பாய். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சென்னைக்காரரும் தலையசைத்தார். "பையன் நல்லா ஓட்டறானே. எஞ்சினும் ஜோரா இருக்கு" என்றார்.

சீழ்க்கை எங்களுக்குக் கீழே, இரண்டு வளைவு தொலைவில் இருந்தது. பிறகு நின்றது. குறைந்து அடங்கவில்லை, கத்தரித்ததுபோல் நின்றது. ஒரு நொடி கழித்து, டயர் இழுபடும் ஓசை. அதன்பின் கல்லில் தகரம் மோதும் ஓசை.

பாயின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கி, ஓரச்சுவரில் மோதி நின்றிருந்தது. சுவர் இருந்ததால் அண்ணன் இருந்தான். இடது மணிக்கட்டை வலக்கையால் பிடித்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தான். எலும்பு முறிந்தது கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை இன்றும் முழுதாகத் திரும்புவதில்லை.

சென்னைக்காரர் தம் காரிலேயே அவனை மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். அதன்பின் அவரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

ரம்பத்தால் அறுத்தது

பத்து நாள் கழித்து, பாய் கூலரைக் கழற்றி இரும்பு அறுக்கும் ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். கட்டுப்போட்ட கையோடு அண்ணனும், அவன் நண்பர்கள் இருவரும், நானும் நின்றோம்.

தகடுகளின் இடுக்குகளில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. வெளிச்சத்தில் காட்டியபோது மின்னியது. பழைய பேரிங்கின் துகள்கள். கூலர் சூடேறச் சூடேற அவை கொஞ்சங்கொஞ்சமாகப் பிரிந்து, எண்ணெயோடு கலந்து, புதிய பேரிங்கை அரைத்திருக்கின்றன.

"வரக்கூடியது கழுவறப்ப வந்துருச்சுங்க. ஒட்டிக்கிட்டது உள்ளயே இருந்துபோச்சு" என்றார் பாய்.

"ஏனுங்க பாய், இதைக் கழுவி மாட்டலாம்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" அண்ணனின் குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமாயிருச்சுன்னு நாந்தான் நெனச்சுப்போட்டேன் தம்பி."

குறிப்பில் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல என் வாய்வரை வந்தது. குறிப்பே தவறாக இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்தேன். அச்சொல்லுக்கு முதற்பொருள், எடுத்த இடத்தில் திரும்ப வைத்தல். இரண்டாம் பொருள், பழையதற்குப் பதிலாகப் புதியது இடுதல். என் பொருள் அகராதியில் முதலாவதாகவே இருந்தது. பிழை என்று எவரும் மதிப்பெண் குறைத்திருக்க முடியாது. அந்த எண்ணம் என்னை ஆற்றவில்லை. மேலும் கசக்கவே செய்தது. இரண்டு பொருளில் எது என்பதைப் பாய் தமிழில், மிகத் தெளிவாக, என்னிடம் கேட்டிருந்தார்.

ஊர்ப்பேச்சு

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் செய்தி பேருந்தைவிட வேகமாகப் போகும். சிறிது காலத்திலேயே அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. எவனாவது வேலையில் கோட்டைவிட்டால், "என்றா, கூலரக் கழுவிப்போட்டயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அண்ணனின் நண்பர்கள் எங்கள் வீட்டிலேயே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

வேகமான வண்டிகள் பாயின் சந்துக்கு வருவது நின்றது.

அண்ணனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அகராதியில் இருந்ததையும் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"பாய்க்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு தெரியாமப் போச்சு."

நான் ரசப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவனே மறுபடி பேசினான்.

"சரி, உடு. வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத. படிச்ச புள்ள பேரக் கெடுத்துக்காத."

"பாய் பெயர் கெட்டுவிட்டதே."

"அவருக்கென்ன, கைவேலக்காரரு. நாலு மாசம் போனா எல்லாரும் மறந்துருவாங்க."

நான்கு மாதம் போயிற்று. யாரும் மறக்கவில்லை.

வெயிலில்

பங்குனியில் தேர்வுகள் முடிந்தன. ஒரு நண்பகலில் உக்கடத்தில் இறங்கி, அந்தச் சந்துக்குள் நடந்தேன். பட்டறையில் எஞ்சின் எதுவும் பிரித்துக் கிடக்கவில்லை. பாய் ஸ்கூட்டர் ஒன்றின் பிரேக் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க அம்மணி. தம்பிக்குக் கை எப்படீங்க இருக்குது?"

நான் உட்காரவில்லை. பேருந்தில் மனத்துக்குள் கட்டிவைத்திருந்த வாக்கியங்களை அதே வரிசையில் சொன்னேன். தவறு என்னுடையது. மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. நீங்கள் இரண்டுமுறை கேட்டீர்கள். அன்று அண்ணன் கேட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை.

அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் மனசுல பட்டுதுங்க அம்மணி. முப்பது வருசம் இரும்பத் தொட்ட கை. பட்டதைச் செஞ்சிருக்கோணும். காகிதத்தைப் பாத்துச் செஞ்சுபோட்டேன்."

"காகிதத்தை எழுதினது நான்."

"மாட்டுனது நானுங்களே."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ஆனால் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான் என்றேன். சரிதானுங்க என்பதுபோல் தலையசைத்தார். அப்படியானால் நானே எல்லாரிடமும் சொல்கிறேன் என்று தொடங்கினேன்.

அப்போது சந்துக்குள் ஒரு வேன் வந்து நின்றது. பின்னால் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன; கோழித்தீவன வாடை அடித்தது. இறங்கியவர் பல்லடத்துக்காரர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. வெள்ளை வேட்டி, பையில் பேனா. எஞ்சினைக் காட்டலாமா என்று யோசிப்பவர்போல் பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, டர்போ வண்டி ஒண்ணு கோத்தகிரி ரோட்டுல எஞ்சின் போயி மோதுச்சே, அது கட்டுனது நீங்கதானுங்களாமா?"

கேலியில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். பட்டறையில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் நாலைந்து சொற்களுக்கு மேல் நீளாது. ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அதைப் பாயிடம் சொல்லி முடித்திருந்தேன்.

பாய் என்னைப் பார்த்தார். காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அவ்வளவு நேரம் பார்த்தார்.

அந்நிய ஆண் ஒருவர் முன்னால் எனக்குக் குரல் எழவில்லை. அதைவிட நல்ல காரணம் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"நாந்தானுங்க" என்றார் பாய்.

"அப்படீங்களா" என்றார் வந்தவர். வேனின் பக்கவாட்டில் விரலால் மெல்லத் தட்டினார். "சரிங்க, இன்னொரு நாளைக்கு வாரனுங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டார். வேன் பின்னோக்கியே நகர்ந்து சந்தைவிட்டு வெளியேறியது.

பாய் ஸ்கூட்டரின் முன்னால் குந்தினார். கம்பியின் நுனியைத் தேடி எடுத்தார்.

"வெய்யல்ல நிக்காதீங்க அம்மணி. பஸ்ஸு வர்ற நேரம்" என்றார்.

நான் போனேன்.